பேஸ்பால் ‘ஹால் ஆஃப் ஃபேம்’: எல்லைக்கோட்டில் நிற்கும் வீரர்களை எடைபோடுவது எப்படி? – ஒரு விளக்கம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 2025 ஜூலை 27 அன்று ஐந்து பேஸ்பால் வீரர்களின் பெயர் பொறித்த வெண்கலப் பட்டயங்கள் திறந்து வைக்கப்பட்டன. ஜப்பானின் இச்சிரோ சுசுகி, சி.சி. சபாத்தியா, பில்லி வாக்னர் ஆகிய மூவரும் மேடையில் நின்று நன்றி தெரிவித்தனர். எஞ்சிய இருவருக்காகக் குடும்பத்தினரே மேடையேற வேண்டியிருந்தது. டிக் ஆலன் 2020ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். நீண்ட காலமாக பார்க்கின்சன் நோயுடன் போராடி வந்த டேவ் பார்க்கர், விழாவுக்கு 29 நாட்களே இருந்த நிலையில் ஜூன் 28 அன்று உயிரிழந்தார்.

பேஸ்பாலில் ஒரு வீரருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த கௌரவமாகக் கருதப்படுவது தேசிய பேஸ்பால் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எனப்படும் இந்தப் புகழ் மண்டபத்தில் இடம்பெறுவதாகும். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் இதுவரை 20,000க்கும் அதிகமானோர் ஆடியிருக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கே இம்மண்டபத்தில் இடம் கிடைத்துள்ளது. பேப் ரூத், வில்லி மேஸ் போன்றோரின் தகுதி குறித்து யாரும் விவாதித்ததில்லை. விவாதம் முழுவதும் அவர்களுக்கு அடுத்த படியில் நிற்பவர்களைப் பற்றியதே. மிகச் சிறந்தவரா, சிறந்தவர் மட்டும்தானா என்று உறுதியாகக் கூற முடியாத எல்லைக்கோட்டு வீரர்கள் ஆண்டுதோறும் வாக்காளர்களைக் குழப்பி வருகின்றனர். அந்தத் தீர்ப்புக்காகச் சிலர் வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் காத்திருக்க நேர்கிறது.

இரண்டு வாசல்கள்

இம்மண்டபத்துக்குள் நுழைய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் வாக்கெடுப்பு. சங்கத்தில் தொடர்ந்து 10 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த செய்தியாளர்கள் வாக்களிக்கலாம். ஒருவர் அதிகபட்சம் 10 பெயர்களைத் தேர்வு செய்யலாம். யாரையும் தேர்வு செய்யாமல் வெற்றுச் சீட்டையும் அளிக்கலாம். பெரிய லீக்கில் குறைந்தது 10 பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் கடந்த வீரரே பட்டியலில் இடம்பெற முடியும். தேர்வாவதற்கு 75 சதவீத வாக்குகள் தேவை. 5 சதவீதத்துக்குக் கீழே சென்றால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருக்காது. முன்பு ஒரு வீரர் 15 ஆண்டுகள் வரை பட்டியலில் நீடிக்கலாம் என்றிருந்தது. 2014இல் அந்தக் காலம் 10 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

எழுத்தாளர்கள் கைவிட்டவர்களுக்கு இரண்டாவது வாசல் திறக்கிறது. முன்னாள் வீரர்கள், அணி நிர்வாகிகள், செய்தியாளர்கள் அடங்கிய 16 பேர் கொண்ட ‘காலகட்டக் குழு’ அவர்களை மறுபரிசீலனை செய்கிறது. இங்கும் 75 சதவீதமே அளவு. அதாவது 12 வாக்குகள்.

75 சதவீதம் என்பது அசாதாரணமான உயரம். ஜனநாயக நாடுகளில் பெரும்பாலான தேர்தல்களுக்கு அந்த அளவு தேவைப்படுவதில்லை. 1936இல் நடைபெற்ற முதல் வாக்கெடுப்பில் 226 பேர் வாக்களித்தனர். டை காப் 222 வாக்குகளும் பேப் ரூத் 215 வாக்குகளும் பெற்றனர். பேப் ரூத்தையே 11 பேர் ஏற்கவில்லை என்றால் மற்றவர்களின் நிலையை ஊகிக்கலாம். இதுவரை ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்வானவர் நியூயார்க் யாங்கீஸ் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேரா மட்டுமே. 2019இல் வாக்களித்த 425 பேரும் அவரைத் தேர்வு செய்தனர். 2025இல் இச்சிரோ சுசுகிக்கு 394இல் 393 வாக்குகள் கிடைத்தன.

விதி சொல்வதும் சொல்லாததும்

எத்தனை ஹோம் ரன் அடித்திருக்க வேண்டும், எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. வீரரின் சாதனைப் பதிவு, ஆட்டத்திறன், நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம், அணிக்கு அளித்த பங்களிப்பு ஆகியவற்றின் அடிப்படையில் வாக்களிக்க வேண்டும் என்பதே வாக்காளருக்குத் தரப்படும் வழிகாட்டுதல். எதற்கு எவ்வளவு எடை என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டுள்ளது.

நீண்ட காலம் சில வட்ட எண்களே வழக்கில் இருந்தன. 3,000 ஹிட், 500 ஹோம் ரன், பந்துவீச்சாளராயின் 300 வெற்றி. டெஸ்ட் கிரிக்கெட்டில் 10,000 ரன்னுக்கு இருக்கும் மதிப்பைப் போன்றது இது. இந்த எண்களை எட்டியவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை என்று கருதப்பட்டது. ஆனால் 2,866 ஹிட் எடுத்தவரை என்ன செய்வது? 493 ஹோம் ரன் அடித்தவரை? முதலாமவர் ஹெரால்டு பெயின்ஸ், இரண்டாமவர் ஃபிரெட் மெக்ரிஃப். எழுத்தாளர்கள் இருவரையும் ஏற்கவில்லை. பின்னர் குழுக்கள் இருவரையும் ஏற்றன. அவற்றில் மெக்ரிஃபின் தேர்வை அனைவரும் வரவேற்றனர். பெயின்ஸின் தேர்வு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதற்கான காரணம் பின்னர் வருகிறது.

புள்ளியியல் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாக 15 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை 1980களில் உருவாக்கினார். தனது காலத்தில் அவர் பேஸ்பாலின் மிகச் சிறந்த வீரராகக் கருதப்பட்டாரா? அணியிலேயே சிறந்தவராக இருந்தாரா? இளமை கடந்த பின்னும் தொடர்ந்து ஆட முடிந்ததா? அவரைப் போன்ற புள்ளிவிவரம் உடையவர்கள் மண்டபத்தில் உள்ளனரா? மண்டபத்துக்கு வெளியே உள்ளவர்களில் அவரே சிறந்தவரா? கேள்விகள் இவ்வாறு செல்கின்றன. இதற்குக் ‘கெல்ட்னர் பட்டியல்’ என்று பெயர். 1941இல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் எடுத்த சாதனைக்கு முற்றுப்புள்ளி வைத்த இரண்டு அபாரமான தடுப்புகளைச் செய்த கிளீவ்லாந்து வீரர் கென் கெல்ட்னரின் பெயரே அது. அவர் நல்ல வீரர். ஆனால் மண்டபத்தில் இடம்பெறவில்லை. இப்பட்டியலில் இத்தனை மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்று எதுவும் கிடையாது. ஒரு வீரரைப் பற்றி ஒழுங்காகச் சிந்திக்க வைப்பதே அதன் நோக்கம்.

அடுத்து வந்தது ‘வார்’ என்னும் அளவீடு. ஒரு வீரருக்குப் பதிலாக எளிதில் கிடைக்கக்கூடிய சாதாரண மாற்று வீரர் ஒருவரை இறக்கியிருந்தால், அந்த அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும் என்பதை மட்டையாட்டம், ஓட்டம், தடுப்பாட்டம், பந்துவீச்சு அனைத்தையும் சேர்த்து மதிப்பிடும் எண் இது. மைதானத்தின் தன்மை, ஆடிய காலத்தின் தன்மை ஆகியவற்றுக்கும் இதில் ஈடு செய்யப்படுகிறது. இதையே அடிப்படையாகக் கொண்டு ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் 2004இல் ‘ஜாஸ்’ என்னும் குறியீட்டை உருவாக்கினார். வாழ்நாள் ‘வார்’ எண்ணையும், சிறந்த ஏழு பருவங்களின் ‘வார்’ கூட்டுத்தொகையையும் சேர்த்துச் சராசரி எடுப்பதே அது. பல ஆண்டுகள் ஆடி எண்ணிக்கையைக் குவித்தவருக்கும், சில ஆண்டுகள் மட்டும் உச்சத்தில் ஒளிர்ந்தவருக்கும் இடையே இதனால் ஓரளவு சமநிலை கிடைக்கிறது. இவ்வாறு வரும் எண்ணை, அதே நிலையில் ஆடி ஏற்கெனவே மண்டபத்தில் உள்ளவர்களின் சராசரியுடன் ஒப்பிடுகின்றனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சராசரி என்றாலே உள்ளே இருப்பவர்களில் கணிசமானோர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். எனவே சராசரியை எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒதுக்குவது நியாயமாகாது. மேலும், பழைய காலத் தடுப்பாட்டத்துக்கான ‘வார்’ மதிப்பீடுகள் ஊகத்தின் சாயல் கொண்டவை. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து ஒருவரை மேலே ஏற்றி மற்றவரைக் கீழே இறக்குவது, தராசின் நடுக்கத்தை எடையாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

லாரி வாக்கர்: மலை மைதானத்தின் சுமை

எல்லைக்கோட்டு விவாதத்துக்கு லாரி வாக்கரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. கனடாவைச் சேர்ந்த இவர் 17 பருவங்கள் ஆடி 0.313 என்ற மட்டையாட்டச் சராசரியும் 383 ஹோம் ரன்களும் எடுத்தவர். பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஹிட் எடுத்தாலே சிறந்த மட்டையாளர் என்று பெயர். மூன்று முறை சராசரிப் பட்டம், ஏழு முறை தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது, 1997இல் மிக மதிப்புமிக்க வீரர் விருது எனப் பட்டியல் நீள்கிறது. இவ்வளவு இருந்தும் 2014இல் அவருக்குக் கிடைத்தது 10.2 சதவீத வாக்குகளே.

காரணம், அவர் ஆடிய ஊர். கொலராடோ ராக்கீஸ் அணியின் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து தொலைவு செல்லும். வீசிய பந்து வளைய மறுக்கும். அந்த மைதானத்தில் வாக்கரின் சராசரி 0.381. உள்ளூர் சுழல் ஆடுகளத்தில் மட்டும் விக்கெட் குவித்தவர் என்று கிரிக்கெட்டில் ஒருவரைக் குறைத்துப் பேசுவது போலவே, வாக்கரின் எண்கள் அனைத்தும் மலைக்காற்றின் கொடை என்று பலர் முடிவு கட்டினர்.

ஆனால் அவர் ஆடிய 1,988 ஆட்டங்களில் கூர்ஸ் ஃபீல்டில் ஆடியவை ஏறத்தாழ 30 சதவீதமே. விருது பெற்ற 1997இல் அவர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூர்களில் அடித்தவை. மைதானத்தின் உதவியைக் கழித்த பிறகும் அவரது வாழ்நாள் ‘வார்’ 72.7; சிறந்த ஏழு பருவங்களின் கூட்டுத்தொகை 44.7, ‘ஜாஸ்’ எண் 58.7. வலப்பக்க வெளிக்களத்தில் ஆடி மண்டபத்தில் இடம்பெற்றவர்களின் சராசரி ஏறத்தாழ 57. அதாவது, அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே அல்ல, உள்ளேயே நின்றிருந்தார். கோட்டைத் தவறான இடத்தில் வரைந்தவர்கள் பார்வையாளர்களே.

இந்த வாதம் வாக்காளர்களைச் சென்றடையப் பத்தாண்டு ஆனது. 2018இல் 34.1 சதவீதம், 2019இல் 54.6 சதவீதம் என்று ஏறிய வாக்கு, இறுதி வாய்ப்பான 2020இல் 76.6 சதவீதத்தைத் தொட்டது. தேவைக்கு மேல் கிடைத்தவை ஆறே வாக்குகள். அன்று காலை, தாம் தேர்வாகப் போவதில்லை என்று வாக்கரே சமூக வலைதளத்தில் பதிவிட்டிருந்தார். தொலைபேசி அழைப்பு வந்தபோது அவர் அணிந்திருந்தது ‘ஸ்பாஞ்ச்பாப்’ கேலிச்சித்திரச் சட்டை.

இந்த ஏற்றத்துக்கு வேறொரு பின்னணியும் உண்டு. நீண்ட காலமாக விளையாட்டுச் செய்தித் துறையில் இல்லாத மூத்த உறுப்பினர்களின் வாக்குரிமை 2016 வாக்கெடுப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2015இல் 549ஆக இருந்த வாக்குச் சீட்டுகள் அடுத்த ஆண்டு 440ஆகக் குறைந்தன. புதிய அளவீடுகளுக்குப் பழகிய இளைய தலைமுறையின் குரல் அதன்பின் வலுவானது. ஆடுகளத்தைவிட்டு எப்போதோ விலகிய வீரரின் தகுதி, வாக்காளர் பட்டியல் மாறியதால் மாறியது என்பது சற்று விசித்திரமானதே. 2018இல் 10.2 சதவீதத்தில் தொடங்கிய ஸ்காட் ரோலன் 2023இல் 76.3 சதவீதத்துடன் தேர்வானதும் இந்த அலையில்தான்.

இதே பாதையை முன்னரே வகுத்தவர் பந்துவீச்சாளர் பெர்ட் பிளைலெவன். 3,701 மட்டையாளர்களை வெளியேற்றியும், வலுவற்ற அணிகளில் ஆடியதால் 287 வெற்றிகளுடன் நின்றுவிட்டார். 300க்கு 13 குறைவு. 1999இல் 14.1 சதவீதத்துக்குச் சரிந்த அவர், ஒரு பந்துவீச்சாளரின் வெற்றிக் கணக்கு அவரது அணியின் மட்டையாட்டத்தையும் சார்ந்தது என்ற எளிய உண்மை பரவலாக ஏற்கப்பட்ட பிறகு, 14ஆவது முயற்சியில் 2011இல் 79.7 சதவீதம் பெற்றார். பழைய 15 ஆண்டு வரம்பு அன்று இருந்ததால் தப்பினார்.

குறுகிய ஒளியா, நீண்ட வெளிச்சமா?

பில்லி வாக்னர் எழுப்பும் கேள்வி வேறு. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காப்பாற்றும் பந்துவீச்சாளர் அவர். சிறுவயதில் வலது கை முறிந்ததால் இடது கையால் வீசப் பழகியவர். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.31 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்து, 422 ஆட்டங்களில் வெற்றியைக் காத்தவர். ஆனால் 16 பருவங்களில் அவர் வீசியது மொத்தம் 903 இன்னிங்ஸ். தொடக்கப் பந்துவீச்சாளர் ஒருவர் ஐந்து பருவங்களுக்குள் இதை வீசிவிடுவார். அதே பணியைச் செய்த ரிவேராகூட 1,283 இன்னிங்ஸ் வீசியவர். இவ்வளவு சிறிய அளவை வைத்து ஒருவரை அழியாப் புகழுக்கு உரியவர் என்று அறிவிக்கலாமா?

வீசிய ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அவரைப் போல் மட்டையாளர்களைத் திணறடித்தவர்கள் மிகச் சிலரே என்பது ஆதரவாளர்களின் பதில். 2016இல் 10.5 சதவீதத்தில் தொடங்கிய வாக்னர், 2024இல் ஐந்தே வாக்குகளில் வாய்ப்பைத் தவறவிட்டு, இறுதி ஆண்டான 2025இல் 82.5 சதவீதம் பெற்றார். ஓராண்டில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.

ஆண்ட்ரூ ஜோன்ஸின் கதை அதற்கு நேர்மாறு. 1998 முதல் 2007 வரை தொடர்ந்து 10 முறை தங்கக் கையுறை வென்ற மைய வெளிக்கள வீரர் அவர். 30 வயதுக்குள் 368 ஹோம் ரன்கள் அடித்தவர், அதன்பின் சரிந்து 434இல் நின்றார். வீழ்ச்சியை நினைவில் வைத்திருந்தவர்கள் 2018இல் அவருக்கு 7.3 சதவீதமே அளித்தனர். உச்சத்தை நினைவுபடுத்தியவர்கள் மெல்ல மெல்ல வென்றனர். 2026 ஜனவரியில் ஜோன்ஸ் தேர்வானார். ஒரு வீரரின் கடைசி ஆண்டுகள் அவரது முதல் பத்தாண்டை அழித்துவிடக் கூடாது என்ற வாதம் ஏற்கத்தக்கதே. 30 வயதில் கைவலியால் விலகிய சாண்டி கூஃபாக்ஸ் 165 வெற்றிகளுடன் 1972இல் மண்டபத்தில் நுழைந்தார். அவரது தகுதியை இன்று யாரும் ஐயுறுவதில்லை.

ஆனால் இந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒரேபோல் நீட்டப்படவில்லை. 2001 வாக்கெடுப்பில் கிர்பி பக்கெட், டான் மேட்டிங்லி இருவரும் முதன்முறையாகப் பட்டியலில் இடம்பெற்றனர். கண் அழுத்த நோயால் ஆட்டத்தைக் கைவிட்ட பக்கெட்டின் சராசரி 0.318, ஹிட் 2,304. முதுகு வலியால் தேய்ந்த மேட்டிங்லியின் சராசரி 0.307, ஹிட் 2,153. பக்கெட் 82.1 சதவீதத்துடன் உடனே தேர்வானார். மேட்டிங்லி 28.2 சதவீதம் பெற்றார்; பிறகு 15 ஆண்டுகளும் முயன்று அதைத் தாண்டவே இல்லை. பக்கெட் இரண்டு உலகத் தொடர்களை வென்றவர், மேட்டிங்லி உலகத் தொடரில் ஆடியதே இல்லை என்பது ஒரு விளக்கம். ஒரே நாளில் பார்வை இழந்து விலகியவரின் சோகம் மனங்களை அசைத்தது என்பது மற்றொன்று.

‘அவர் இருக்கும்போது இவர் ஏன் இல்லை?’

2018 டிசம்பரில் ஹெரால்டு பெயின்ஸ் தேர்வானபோது எழுந்த அதிர்ச்சியை இனிக் கூறலாம். 22 பருவங்கள் ஆடிய நல்ல மட்டையாளர். சக வீரர்களின் மதிப்பைப் பெற்றவர். எனினும் பெரும்பகுதி காலம் தடுப்பாட்டத்தில் இறங்காமல் மட்டையாட்டத்துக்கு மட்டுமே வந்தவர். எழுத்தாளர் வாக்கெடுப்பில் ஒருபோதும் 6.1 சதவீதத்தைத் தாண்டியதில்லை. ‘ஜாஸ்’ எண் ஏறத்தாழ 30; தேவையெனக் கருதப்படும் அளவில் பாதியைச் சற்றே கடந்தது. ஆனால் 16 பேர் குழுவில் சரியாக 12 வாக்குகள் கிடைத்தன. அவரது முன்னாள் மேலாளர் டோனி லா ருசாவும், அவர் ஆடிய சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃபும் அக்குழுவில் இருந்தனர்.

இது முதல்முறையன்று. 1970களின் தொடக்கத்தில் மூத்தோர் குழுவில் செல்வாக்குடன் இருந்த ஃபிராங்கி ஃபிரிஷின் காலத்தில் ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, ஜார்ஜ் கெல்லி என அவரது பழைய சக வீரர்கள் அடுத்தடுத்துத் தேர்வாயினர். அவர்களில் பலர் இன்றும் மண்டபத்தின் மிக வலுவற்ற தேர்வுகளாகச் சுட்டப்படுகின்றனர்.

ஒரு தவறான தேர்வின் விளைவு அத்துடன் முடிவதில்லை. பெயின்ஸ் உள்ளே இருக்கும்போது இவர் ஏன் வெளியே என்று அதன்பின் நூறு பேருக்காகக் கேட்கலாம். நூறு பேருக்கும் அது பொருந்தும். கடந்த காலப் பிழையை அளவுகோலாக வைத்தால் மண்டபத்தின் தரை தாழ்ந்துகொண்டே போகும். பில் ஜேம்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒப்பீட்டு வாதத்தைக் கண்டித்து எழுதியிருக்கிறார். ஒரு வீரரை ஏற்கெனவே உள்ள மிக பலவீனமானவருடன் ஒப்பிடுவது பயனற்றது. உள்ளே இருப்போரின் பொதுத் தரத்துடன் ஒப்பிடுவதே முறை. பெயின்ஸ் தேர்வுக்குப் பிறகு கதவுகள் உடைந்துவிடும் என்ற அச்சம் மெய்யாகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பின்னர் வந்த குழுக்கள் அவரை விதிவிலக்காகவே கருதியதாகத் தெரிகிறது.

ஊக்கமருந்துப் புகாருக்கு உள்ளான பேரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ் ஆகியோர் நிற்பது வேறொரு கோட்டில். 762 ஹோம் ரன் அடித்தவருக்கும் 354 ஆட்டங்களில் வென்றவருக்கும் ஆட்டத்தகுதி இல்லையென்று யாரும் கூறவில்லை. ஒழுக்கம் என்ற சொல்லே அவர்களைத் தடுத்தது. 2022இல், 10ஆவது ஆண்டில், பாண்ட்ஸ் 66 சதவீதத்துடனும் கிளெமென்ஸ் 65.2 சதவீதத்துடனும் வெளியேறினர். 2025 டிசம்பரில் கூடிய குழு ஜெஃப் கென்ட்டை 14 வாக்குகளுடன் தேர்வு செய்தது. இவ்விருவருக்கும் ஐந்து வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களின் நெருக்கடி எல்லைக்கோட்டு வீரர்களையும் பாதித்தது. இத்தகைய பெயர்களால் பட்டியல் நிரம்பி வழிந்த 2013இல் யாருமே தேர்வாகவில்லை. சீட்டில் 10 இடங்களே இருந்ததால், 622 முறை தளம் திருடிய கென்னி லோஃப்டன் 3.2 சதவீதத்துடன் முதல் ஆண்டிலேயே நீக்கப்பட்டார்.

காலம் காத்திருப்பதில்லை

டிக் ஆலனின் பெயர் இந்த விவாதத்தில் ஒரு வடுவாகவே நிற்கிறது. 1964இல் சிறந்த அறிமுக வீரர், 1972இல் மிக மதிப்புமிக்க வீரர், 351 ஹோம் ரன். ஃபிலடெல்ஃபியாவில் நிறவெறிக்கு ஆளான அவர், பார்வையாளர்கள் எறியும் பொருட்களிலிருந்து தற்காத்துக்கொள்ளத் தடுப்பாட்டத்தின்போதும் தலைக்கவசம் அணிந்து நின்றார். எதிர்த்துப் பேசியதால் ‘அடங்காதவர்’ என்ற பெயரும் வந்தது. எழுத்தாளர் வாக்கெடுப்பில் அவர் 18.9 சதவீதத்தைத் தாண்டியதில்லை. 2014 டிசம்பரில் குழு அவரைப் பரிசீலித்தபோது 11 வாக்குகள் கிடைத்தன. ஒரு வாக்கு குறைவு.

அடுத்த பரிசீலனை 2020 டிசம்பரில் நடைபெறுவதாக இருந்தது. கொரோனா பெருந்தொற்றால் அது ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 7 அன்று ஆலன் தமது 78ஆவது வயதில் காலமானார். 2021இல் குழு கூடியபோது மீண்டும் 11 வாக்குகள். மீண்டும் ஒரு வாக்கு குறைவு. 2024 டிசம்பரில்தான் 13 வாக்குகளுடன் அவர் தேர்வானார். சிகாகோ கப்ஸ் வீரர் ரான் சான்டோவும் இவ்வாறே. நீரிழிவு நோயால் இரு கால்களையும் இழந்து, 2010 டிசம்பரில் காலமானார். ஓராண்டு கழித்து 16இல் 15 வாக்குகள் பெற்றார். அந்த ஓராண்டில் அவரது 342 ஹோம் ரன்களில் ஒன்றுகூட அதிகரித்துவிடவில்லை.

இப்போது வெளியே நிற்பவர்களில் அதிகம் பேசப்படுபவர் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் லூ விட்டேக்கர். சக வீரர் ஆலன் டிராமெல்லுடன் இணைந்து 1,918 ஆட்டங்கள் ஆடியவர். 1978இல் சிறந்த அறிமுக வீரர், 1984இல் உலகத் தொடர் வெற்றி, 2,369 ஹிட், 244 ஹோம் ரன். வாழ்நாள் ‘வார்’ 75. 397இல் 396 வாக்குகள் பெற்ற டெரெக் ஜீட்டரின் எண்ணைவிட ஏறத்தாழ நான்கு புள்ளிகள் அதிகம். ஜீட்டரைவிட விட்டேக்கர் சிறந்தவர் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் ஒருவருக்கு 99.7 சதவீதமும் மற்றவருக்கு 2.9 சதவீதமும் கிடைக்கும் அளவுக்கு இருவரிடையே தொலைவு இல்லை என்பது தெளிவு. பக்கெட்டும் மேட்டிங்லியும் அறிமுகமான அதே 2001 பட்டியலில், 515 பேரில் 15 பேர் மட்டுமே விட்டேக்கரின் பெயரைக் குறித்தனர். ஒரே ஆண்டில் வாசல் மூடப்பட்டது. ஆண்டுதோறும் சீராக ஆடினாரே தவிர எந்த ஒரு பருவத்திலும் முதலிடம் பிடிக்கவில்லை என்பதே அவரது குறை. டிராமெல் 2017இல் குழுவால் தேர்வானார். 2019இல் விட்டேக்கருக்குக் கிடைத்தவை ஆறு வாக்குகள். அதே கூட்டத்தில் டெட் சிம்மன்ஸ் 13 வாக்குகளுடன் தேர்வானார்; 1994இல் 3.7 சதவீதத்துடன் ஒரே ஆண்டில் நீக்கப்பட்டவர் அவர்.

2025 டிசம்பரில் குழு பரிசீலித்த எட்டுப் பெயர்களில் விட்டேக்கர் இல்லை. அவரது காலகட்ட வீரர்களுக்கான அடுத்த பரிசீலனை 2028 டிசம்பரில் நடைபெறும். அப்போது அவருக்கு வயது 71.